பால்யத்தின் தெருவில் நடப்பது யார்?

ஊருக்குத் திரும்பிப் போகிற கட்டுரை நமக்கெல்லாம் மனப்பாடம். எழுதுகிறவர் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போவார். சாயங்காலம் காலாற நடக்கக் கிளம்புவார். படம் பார்த்த தியேட்டர் கல்யாண மண்டபமாகியிருக்கும். நீச்சல் பழகிய குளம் பேருந்து நிலையமாகியிருக்கும். வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பெட்டிக்கடைத் தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார். தேன்மிட்டாய் மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் இன்னமும் இருக்கும். ஒன்று வாங்கி வாயில் போடுவார். பழைய ருசி இருக்காது. 'காலம்தான் எவ்வளவு மாறிப்போச்சு' என்று ஒரு பெருமூச்சு. கட்டுரை முடிந்தது.

சரி, இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, படிக்கும்போது கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த வாரம் யோசித்துப் பார்த்தால் யாருடைய ஊர் எது என்று நினைவிருப்பதில்லை. காரைக்குடியும் கும்பகோணமும் திண்டுக்கல்லும் கலந்து ஒரே ஊராகிவிடுகின்றன. தன் ஊரைப்போல் இன்னொரு ஊர் இல்லை என்று சொல்லக் கிளம்பிய எழுத்து, கடைசியில் எல்லா ஊரையும் ஒன்றுபோல ஆக்கிவிடுகிறது. இது ஏன் நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. எழுதுகிறவர்களுக்குத் திறமை போதவில்லை என்று கடந்துபோக மனம் வரவில்லை. நல்ல எழுத்தாளர்களும் இந்த இடத்துக்கு வந்தால் வழுக்கி விழுகிறார்கள். அப்படியானால் கோளாறு நடக்கிறவரிடம் இல்லை, பாதையிலேயே ஏதோ இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இது. இந்தக் கட்டுரைகளில் இரண்டு இழப்புகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று, இடம் மாறிப்போனது. இன்னொன்று, நமக்கு வயதானது. இரண்டாவது எல்லாருக்கும் பொது. அதற்குக் காரணமும் கேட்க முடியாது. முதலாவது அப்படியில்லை. தியேட்டரைக் காலம் இடிக்கவில்லை. ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார், ஒருவர் அனுமதி கொடுத்தார். சென்னையின் மூர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்த கதையை ஒரு தலைமுறையே எழுதியிருக்கிறது. 1985இல் அது தீயில் எரிந்தது. அந்த இடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் கடை கொடுத்தார்கள். எரிந்த கட்டடத்துக்காகக் கண்ணீர் விட்ட எழுத்துகளில் எத்தனை பேர் அல்லிக்குளம் வரை நடந்துபோய், புத்தகம் விற்றவருக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டார்கள்? ரொம்பக் குறைவு. ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பெருமூச்சு நின்று, விசாரணை ஆரம்பித்துவிடும்.

இதே பாதையில் நடந்து வழுக்காமல் போன சிலரைப் பார்க்கலாம். திரும்பிப் போன ஒருவர், திரும்ப முடியாத ஒருவர், ஊரை விட்டே போகாத ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நம் ஆட்களிடம் வரலாம்.

காணாமல் போனவனைத் தேடுதல்

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் 1914இல் ஸ்வான்ஸீ நகரத்தில் பிறந்தவர். 1941 பிப்ரவரியில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மீது தொடர்ந்து மூன்று இரவுகள் குண்டு போட்டன. நகரத்தின் மையமே அழிந்தது. ஆறு வருடம் கழித்து, 1947இல், பிபிசி வானொலிக்காகத் தாமஸ் 'ரிட்டர்ன் ஜர்னி' என்றொரு நிகழ்ச்சி எழுதினார். பனி கொட்டும் குளிர்காலத்தில் ஒருவர் ஸ்வான்ஸீக்கு வந்து, தெருத்தெருவாக நடக்கிறார். நம் கட்டுரையின் அதே அமைப்புதான். ஒரே ஒரு வித்தியாசம்: அவர் இடத்தைத் தேடவில்லை, ஆளைத் தேடுகிறார். 'இளம் தாமஸ்' என்று ஒரு பையன் இங்கே இருந்தானே, பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போகிறார்.

மதுக்கடையில் கேட்கிறார். அவன் இளம் நிருபராக வேலை பார்த்த பத்திரிகைக்காரர்களிடம் கேட்கிறார். நண்பர்களோடு மணிக்கணக்காகப் பேசிக் கிடந்த கர்டோமா கஃபே இருந்த இடத்துக்குப் போகிறார். அது குண்டுவீச்சில் தரைமட்டமாகியிருக்கிறது. எரிந்துபோன பள்ளிக்கூடம், கடற்கரை, கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கும்டாங்கின் பூங்கா. ஏறக்குறைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் பையனின் வயது குறைந்துகொண்டே வருகிறது. கேட்கப்படுகிறவர்கள் எல்லாரும் அவனை ஒவ்வொரு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்த ஞாபகங்களில் அவன் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. அலட்டல்காரன், வாயாடி, பாவனை பிடித்தவன். எழுத்தாளர் தன் சின்ன வயதைத் தடவிக்கொடுக்கவில்லை. ஊர்க்காரர்களை விட்டுக் கிண்டல் செய்ய வைக்கிறார். பூங்காவில் காவலாளியிடம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கும்போதுதான் பதில் வருகிறது: செத்துப்போனான் என்று.

இதில் நான் கவனிப்பது இரண்டு விஷயம். ஸ்வான்ஸீயில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று தாமஸும் பட்டியல் போடுகிறார். ஆக, பட்டியல் போடுவது குற்றமில்லை. அந்தப் பட்டியல் வருகைப் பதிவேடுபோல வாசிக்கப்படுகிறது. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்ல யாருமில்லை. இரண்டாவது, ஊரை யார் அழித்தது என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. குண்டு அழித்தது. அதனால் 'காலம் மாறிப்போச்சு' என்ற வாக்கியத்துக்கு வேலையில்லை. அவனுக்கு வயதானது தனி, ஊர் எரிந்தது தனி. அந்த இரண்டையும் பிரித்து வைத்ததால்தான், கடைசியில் அவை ஒன்று சேரும்போது அடி அவ்வளவு பலமாக விழுகிறது.

தடுப்பூசி

வால்ட்டர் பெஞ்சமின் கதை வேறு. 1892இல் பெர்லினில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1932இல் வெளிநாட்டில் இருந்தபோது, பிறந்த நகரத்திடமிருந்து நீண்ட காலத்துக்கு, ஒருவேளை நிரந்தரமாகவே விடைபெற வேண்டியிருக்கும் என்று அவருக்குப் புரிய ஆரம்பித்தது. அடுத்த வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு வெளியேறினார். 'பெர்லின் பால்யம்' என்று நாம் சுருக்கமாகச் சொல்லக்கூடிய நூலை அந்த வருடங்களில் எழுதத் தொடங்கி, 1938 வரை திருத்திக்கொண்டே இருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது புத்தகமாக வரவில்லை. 1940இல் பிரான்சிலிருந்து தப்பும் வழியில் ஸ்பெயின் எல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டார். புத்தகம் வந்தது 1950இல்.

1938ஆம் ஆண்டு வடிவத்துக்கு எழுதிய சிறு முன்னுரையில், இதை ஏன் எழுதுகிறேன் என்று அவர் சொல்லும் காரணம் நம் கட்டுரைக்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது. தடுப்பூசி போட்டுக்கொள்வதுபோல, ஏக்கத்தை அதிகமாகத் தூண்டக்கூடிய பால்யச் சித்திரங்களைத் தானே வேண்டுமென்று வரவழைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். ஆரோக்கியமான உடம்பைத் தடுப்பூசி மருந்து ஆட்டிப்படைக்காது. அதேபோல ஏக்கம் மனத்தை ஆட்டிப்படைக்கக்கூடாது. அதற்கு அவர் கண்ட வழி, கடந்தகாலம் திரும்ப வராது என்பதைத் தன் சொந்த வாழ்க்கையின் தற்செயலாகப் பார்க்காமல், சமூகத்தின் தவிர்க்க முடியாத நிகழ்வாகப் பார்ப்பது.

வீட்டுக்கு ஏங்கிச் சாகிற ஒருவர் ஏக்கத்தைச் சொட்டு மருந்துபோல அளந்து எடுத்துக்கொள்கிறார். நாமோ குடம் குடமாகக் குடிக்கிறோம்.

அந்த நூலில் மனிதர்கள் குறைவு. டியர்கார்ட்டன் பூங்கா, மிருகக்காட்சிச் சாலையின் நீர்நாய், சந்தை, தொலைபேசி, முற்றத்தைப் பார்த்த பால்கனி என்று இடங்களும் பொருள்களும்தான். அலமாரியில் சுருட்டி வைத்திருக்கும் காலுறையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. சின்னப் பையன் அந்தச் சுருளுக்குள் கைவிட்டு, உள்ளே இருக்கும் 'பரிசை'ப் பிடித்து மெல்ல வெளியே இழுப்பான். பரிசு வெளியே வந்ததும் அது இருந்த பை காணாமல் போயிருக்கும். உறையும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். நினைவேக்கக் கட்டுரைகள் எனக்கு இந்தக் காலுறையைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. ஊருக்குள் கைவிட்டு 'பால்யம்' என்ற பரிசை வெளியே இழுத்துவிடுகிறோம். கையில் மிஞ்சுவது ஒரு சாதாரணக் காலுறை. எந்தக் கடையிலும் கிடைக்கிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் குழந்தைப் பருவத்தில் தான் பெர்லினின் மேற்குப் பகுதிக்குள் கைதியாக இருந்ததாகப் பெஞ்சமின் எழுதுகிறார். தன் வயதுப் பணக்காரக் குழந்தைகளுக்கு ஏழைகள் என்றால் பிச்சைக்காரர்கள் மட்டும்தான். கூலிக்குத் துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் ஒருவர், அதை வாங்க விரும்பாத கூட்டத்திடம் படும் அவமானத்தைச் சிறுவனாகத் தான் எழுதிப் பார்த்தபோதுதான் வறுமை என்றால் என்ன என்று தனக்கு மங்கலாகப் பிடிபட்டது என்கிறார். தனக்குப் பிரியமான நகரத்துக்கு எங்கே எல்லைக்கோடு போட்டிருந்தது, அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை.

போகாதவரின் துயரம்

ஓரான் பாமுக் 1952இல் இஸ்தான்புல்லில் பிறந்து, நிஷாந்தாஷி பகுதியில் குடும்பத்தார் கட்டிய அதே 'பாமுக் அடுக்ககத்தில்' ஐம்பது வயதிலும் இருந்துகொண்டு 'இஸ்தான்புல்' எழுதினார். 2003இல் வந்த நூல், தமிழிலும் கிடைக்கிறது. நம் இளம் வாசகர்களிடம் அதிலிருந்து பரவிய சொல் 'ஹூஸுன்'. ஒரு நகரமே சேர்ந்து சுமக்கும் துயரம் என்று பாமுக் அதை விளக்குகிறார். பேரரசு ஒன்று வீழ்ந்தபின், அதன் இடிபாடுகளுக்கு நடுவே குடியிருப்பவர்களின் துயரம். இங்கே டீக்கடை மூடினாலும் ஹூஸுன், பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்தாலும் ஹூஸுன் என்று எழுதுகிறோம். சொல்லை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு கப்பலிலேயே தங்கிவிட்டது.

அந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இஸ்தான்புல்லின் ஏழ்மையான ஓரங்களில் நடந்துபோய் அதன் அழகை எழுதிய தன்பினார், யாஹ்யா கெமால் ஆகிய முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது, பாமுக் ஒரு சங்கடமான உண்மையைத் தொடுகிறார். இடிந்த சுவரும் சாய்ந்த மரவீடும் அழகாகத் தெரிவது வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குத்தான். உள்ளே குடியிருப்பவருக்கு அது ஒழுகும் கூரை. 1955இல் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டதையும் அவர் பதிவு செய்கிறார். நகரம் களையிழந்ததற்கு ஆட்கள் துரத்தப்பட்டதும் ஒரு காரணம் என்று வாசகருக்குப் புரிகிறது.

ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. பாமுக் பல பக்கங்களில் அந்தத் துயரத்தை ரசித்துச் சுவைக்கிறார். ஆரா குலெரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வேறு சேர்ந்துகொள்ள, வறுமைக்கு ஒரு மெருகு ஏறிவிடுகிறது. வெளியாள் பார்வையைக் கேள்வி கேட்டவரே, நிஷாந்தாஷியிலிருந்து நடந்துவரும் வெளியாளாகச் சில இடங்களில் நின்றுவிடுகிறார். பெரிய எழுத்தாளருக்கே இந்தப் பாதை வழுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

செகந்திராபாத்தில் ஒரு சைக்கிள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அப்பா இறந்தபின் 1952இல் சென்னைக்கு வந்துவிட்டார். '18வது அட்சக்கோடு' வெளிவந்தது 1977இல். கால் நூற்றாண்டு கழித்து, இன்னொரு நகரத்திலிருந்து, பால்ய நகரத்தின் தெருக்களுக்குள் எழுத்தால் திரும்பிப் போன நாவல் அது. தமிழில் இந்த வகைக்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை யாரும் 'நினைவேக்க நூல்' என்று சொல்வதில்லை. அதுதான் அதன் பலம்.

சந்திரசேகரன் என்ற பையன் கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிள் மிதிக்கிறான், கல்லூரிக்குப் போகிறான். தமிழ்க் குடும்பம், முஸ்லிம் அண்டை வீட்டார், ஆங்கிலோ இந்தியர்கள், தெலுங்கு, உருது என்று அவனைச் சுற்றி ஒரு கலவையான நகரம். 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம்' என்று எழுதிவிட எல்லா வசதியும் அங்கே இருந்தது. அசோகமித்திரன் எழுதவில்லை. அண்டை வீட்டோடு சின்னச் சின்ன உரசல்கள், பயம், அசூயை எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது என்று வரலாறு பையனின் சைக்கிள் பாதைக்குள் வந்து விழுகிறது. கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அவன் நுழைய நேர்கிறது. தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் ஓடுகிறான்.

அவனுடைய பால்யம் முடிந்த இடம் அது. தியேட்டர் மண்டபமானதாலோ குளம் வறண்டதாலோ அல்ல. தெரு அங்கேயேதான் இருக்கிறது, வீடும் இருக்கிறது. அதன் நடுவே ஒன்றும் அறியாதவனாக இனி அவனால் நிற்க முடியாது, அவ்வளவுதான். ஊர் நம்மிடமிருந்து போய்விட்டது என்று புலம்பும் எழுத்துக்கும், அந்த ஊரில் நாம் யாராக இருந்தோம் என்று கேட்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை இந்த நாவல் காட்டிவிடுகிறது.

பத்து நிமிட வழி

இதுவரை சொன்ன நான்கு பேரும் ஆண்கள். தெருவில் நடக்க யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. பெஞ்சமினையும் பிற்காலத்தில்தான் துரத்தினார்கள்; குழந்தையாக இருந்தபோது பூங்கா அவருக்குத் திறந்தே இருந்தது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் வருவது நகரமல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று ஊரின் வரைபடமே முதலில் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட வழி. சிறுமிக்கு அரைமணி, ஒருமணி நேரம்கூட ஆகும். குரங்காட்டி, பாம்பாட்டி, நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர், காந்தி சிலைப் பக்கம் கருவாட்டுக் கடை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். எந்த நினைவேக்கக் கட்டுரையோடும் போட்டி போடக்கூடிய பக்கங்கள் அவை. அவ்வளவு உயிர், அவ்வளவு சந்தோஷம். அதே வழியில் ஒருநாள், அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப்போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னபிறகு அண்ணன்தான் விளக்குகிறார், அது தீட்டு என்று.

வேடிக்கையும் அவமானமும் ஒரே வழியில், ஒரே நடையில் கிடைக்கின்றன. பாமா இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவமானம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் குரங்காட்டியை அழிக்கவில்லை. குரங்காட்டி அழகாக இருந்தார் என்பதற்காகப் பொட்டலத்தை மறக்கவில்லை.

நம் ஊரில் தெருவில் நடப்பது என்பதே போராடிப் பெற்ற விஷயம். 1924இல் வைக்கத்தில் நடந்த சத்தியாகிரகம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் அதற்காகச் சிறைக்குப் போனார். மறுவருடம் உடன்பாடு ஏற்பட்டபோதும் எல்லாத் தெருக்களும் திறக்கவில்லை. கிழக்குப் பக்கம் திறக்க 1936இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் 'எங்கள் அக்கிரகாரத்துத் தெருவில் மாலை நேரங்களில்' என்று தொடங்கும் வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள். வாக்கியம் அழகாகவே இருக்கலாம். அந்த மாலையில் அந்தத் தெருவில் யார் இல்லை என்ற கேள்வியும் கூடவே கேட்கும்.

பெண்களுக்குத் தெரு ஒரு குறிப்பிட்ட தேதியில் மூடுகிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) சிறுமிகள் ஓடித் திரிகிற தெரு, வயதுக்கு வந்ததும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இடம் மாறவே இல்லை. நாற்பது வயதில் ஊருக்குத் திரும்பி 'ஐயோ, தெரு மாறிப்போச்சே' என்று வருந்துகிற ஆணுக்குப் பதின்மூன்று வயதிலேயே அதே தெருவை இழந்தவள் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறாள். அவளுடைய இழப்புக்குக் கல்யாண மண்டபம் வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆக, ஊர்க் கட்டுரைகளை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. சின்னச் சின்னக் கடைகளின் பெயரை வரலாற்றாசிரியர்கள் எழுதப்போவதில்லை. அந்த வேலையை இந்தக் கட்டுரைகள்தான் செய்கின்றன, அதற்காக நன்றி சொல்லவேண்டும். ஆனால் பெருமூச்சு வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டாம். அங்கிருந்து ஒரு பத்து நிமிடம் கூட நடக்கலாம். தியேட்டரை விற்றவர் உயிரோடு இருந்தால் போய்ப் பேசலாம். அவருக்கு அது பால்யம் அல்ல, கடன். குளத்தில் குதித்தோம் என்று எழுதும்போது யாரெல்லாம் குதித்தோம், யார் கரையில் நின்றார்கள் என்று பெயர் சொல்லி எழுதலாம். வீட்டிலிருக்கும் அக்காவிடமோ தங்கையிடமோ, 'நீ எந்த வயசுல இந்தத் தெருவுல நடக்கிறத நிறுத்தின?' என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார், இதுவரை அவரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதிலை எழுதுங்கள். காரைக்குடி அப்போதுதான் காரைக்குடியாகும், திண்டுக்கல் திண்டுக்கல்லாகும்.